பரணில் பழைய போர்க்கப்பல் கொடியா? கழுவும் முன் படிக்க வேண்டிய முழுமையான வழிகாட்டி

தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுக ஊர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் படைக் கப்பல்கள் கூட்டம் கூட்டமாக இங்கே நங்கூரமிட்டுப் போயின. தாத்தா துறைமுகத்தில் வேலை பார்த்தவர், மாமா ஏலத்தில் பெட்டியோடு வாங்கியவர் என்று ஏதோ ஒரு வழியில் கப்பல் கொடி நம் வீடுகளுக்குள் வந்துவிடுகிறது. அது வெளியே வந்த முதல் நாளிலேயே பெரும் சேதம் நடக்கிறது. வாளியில் சோப்புத் தண்ணீர், அடுத்து இஸ்திரிப் பெட்டி, அடுத்து சுவரில் ஆணி. மூன்றும் நல்லெண்ணத்தில்தான் நடக்கின்றன.

கொடியிலுள்ள அழுக்கு, கயிற்றுத் தடம், ஒட்டுத்தையல் எல்லாமே அத்தாட்சி. அவற்றை அழித்துவிட்டுப் பிறகு 'இது எந்தக் கப்பல் கொடி?' என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. அதனால் கீழே உள்ள வரிசையை மாற்ற வேண்டாம்: பதிவு, பூச்சி, அடையாளம், தூசி, சுருட்டல். காட்சிக்கு வைப்பது கடைசி.

மூன்று சொற்கள் அடிக்கடி வரும். கம்பத்தை ஒட்டியிருக்கும் ஓரம் கம்பப் பக்கம். காற்றில் அடிபடும் எதிர் ஓரம் வால் பக்கம். கம்பப் பக்கத்தில் கயிற்றை உள்ளே விட்டுத் தைத்த தடித்த பட்டை தலைப்பட்டி.

1. கொடியைத் தொடுவதற்கு முன் எடுத்து வைக்க வேண்டியவை

கொடியை விட அகலமான சுத்தமான பரப்பு வேண்டும். சாப்பாட்டு மேசை போதாவிட்டால் தரையில் பாலிதீன் விரித்து, மேலே துவைத்த வெள்ளைப் படுக்கை விரிப்பைப் போடுங்கள். விரிப்பைத் துணி மென்மையாக்கி சேர்க்காமல் துவைத்திருக்க வேண்டும். அந்த வாசனைத் திரவம் கம்பளித் துணியில் ஒட்டிக்கொள்ளும்.

நைட்ரைல் கையுறை, 2பி பென்சில், நோட்டு, அளவு நாடா, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், சாதாரண டார்ச், 365 நானோமீட்டர் அல்ட்ரா வயலெட் டார்ச் ஆகியவற்றைக் கைக்கெட்டும் தூரத்தில் வையுங்கள். கொடியை விரித்த பிறகு ஒவ்வொன்றாகத் தேடப் போனால், அதற்குள் யாராவது அதன் மேல் தேநீர்க் கோப்பையை வைத்துவிடுவார்கள்.

பருத்திக் கையுறை வேண்டாம். அதன் இழை பிய்ந்த கொடி நூலில் சிக்கி இழுக்கும். இதே காரணத்தால் மோதிரம், வளையல், தொங்கும் சங்கிலி எல்லாவற்றையும் கழற்றி விடுங்கள். பேனா அந்த அறைக்குள்ளேயே வரக் கூடாது. பால்பாயின்ட் மை ஒரு புள்ளி விழுந்தாலும் கம்பளியிலிருந்து எடுக்க வழியில்லை.

2. மடிப்போடு படம் எடுத்து, பிறகு பிரித்தல்

கொடி எந்த நிலையில் கிடைத்ததோ அந்த நிலையில் முதல் படம் எடுங்கள். சுற்றியிருந்த செய்தித்தாள், கட்டியிருந்த நூல், கூட வந்த சீட்டு எதையும் எறிய வேண்டாம். செய்தித்தாளின் தேதி மட்டுமே சில சமயம் கொடி எப்போது மடித்து வைக்கப்பட்டது என்று சொல்லும்.

பிரிக்கும்போது இழுக்காதீர்கள். ஒரு மடிப்பைத் திறக்க இரண்டு பேர், நான்கு கை வேண்டும். மடிப்பு ஒட்டியிருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். ஒட்டிய இடத்தில் பூஞ்சணமோ பெயின்ட்டோ இருக்கலாம். பிய்த்தால் இரண்டு பக்கமும் போகும்.

விரித்த பின் முன்புறம், பின்புறம், நான்கு மூலை, தலைப்பட்டி முழு நீளம், ஒவ்வொரு கிழிசல் என்று தனித்தனியாகப் படமெடுங்கள். ஒவ்வொரு படத்திலும் அளவுகோல் தெரிய வேண்டும். அளவில்லாத படத்தை வைத்துக்கொண்டு பிறகு ஒப்பிட முடியாது.

மடிப்புத் தடத்தை நீக்க நீராவி இஸ்திரி போடுவது இங்கே அதிகம் நடக்கும் தவறு. சூடு பட்டால் மடிப்பில் இருக்கும் உப்பும் கரியும் இழைக்குள் பதிந்துவிடும், பழைய சிவப்புச் சாயம் வெள்ளைக்குள் இறங்கும். கொடியை விரித்தபடி இரண்டு மூன்று நாள் விட்டு, ஓரம் மழுங்கிய கண்ணாடித் துண்டுகளை மடிப்பின் மேல் லேசாக வைத்தால் போதும். டர்பன் காற்றில் இருக்கிற ஈரமே மீதி வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

3. பூச்சி பார்த்தல், உறைய வைத்தல்

பழைய கப்பல் கொடி பெரும்பாலும் கம்பளி. அந்துப்பூச்சிக்கும் கம்பள வண்டுக்கும் அது விருந்து. மடிப்பின் உட்புறத்தில் பட்டு போன்ற நூலாம்படை, மணல் போன்ற எச்சம், அரிசி அளவில் மயிர் அடர்ந்த கூட்டுத்தோல் இருக்கிறதா பாருங்கள். ஒன்று தெரிந்தாலும் அந்தக் கொடி பட்டுப் புடவை இருக்கும் அலமாரிக்குப் பக்கத்தில்கூடப் போகக் கூடாது.

அந்துருண்டை, கற்பூரம், வசம்பு, வேப்பிலை எதுவும் வேண்டாம். அந்துருண்டையின் ஆவி நூலில் படிந்து நாற்றமும் கறையும் விடும், முட்டையை உறுதியாகக் கொல்லாது. இலையும் வேரும் எண்ணெய்க் கறை விடும்.

செய்ய வேண்டியது உறைய வைப்பது. கொடியை அமிலமற்ற டிஷ்யூ தாளில் சுற்றி, தடித்த பாலிதீன் பையில் போட்டு, காற்றை வெளியேற்றி நாடாவால் அடையுங்கள். வீட்டு ஃப்ரீசரின் வெப்பநிலை மைனஸ் 18 டிகிரி என்றால் குறைந்தது 14 நாள் வைக்க வேண்டும். மெதுவாகக் குளிர்ந்தால் பூச்சி பழகிக்கொள்ளும். அதனால் ஃப்ரீசர் முன்கூட்டியே முழுக் குளிரில் இருக்கட்டும்.

நம் ஊரில் மின்வெட்டுக்குக் கணக்கு வைத்தாக வேண்டும். நடுவில் பல மணி நேரம் மின்சாரம் போய் ஃப்ரீசர் இளகிவிட்டால் அந்த 14 நாளை முதலிலிருந்து எண்ணுங்கள். வெளியே எடுத்த பிறகு ஒரு முழு நாள் பையைத் திறக்காதீர்கள். திறந்தால் குளிர்ந்த கம்பளியின் மேல் அறைக் காற்றின் ஈரம் நீராகப் படியும்.

ஈரமான கொடி, பெயின்ட்டால் எழுத்தோ சின்னமோ வரைந்த கொடி இரண்டையும் ஃப்ரீசரில் வைக்கக் கூடாது. பெயின்ட் வெடித்து உதிரும்.

4. தலைப்பட்டியைப் படித்தல்

எல்லோரும் முதலில் பார்ப்பது நடுவிலுள்ள படத்தை. அது உங்களை ஏமாற்றும். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் கடற்படை, ராயல் இந்தியக் கடற்படை, தென்னாப்பிரிக்கக் கடற்படைப் பிரிவு, ஆஸ்திரேலியக் கடற்படை எல்லாம் பறக்கவிட்டது ஒரே வெள்ளை என்சைன் (என்சைன் என்பது கப்பல் எந்த நாட்டுடையது என்று காட்டப் பறக்கவிடும் கொடி). படத்தை வைத்து அவற்றைப் பிரிக்கவே முடியாது. பிரித்துச் சொல்லும் இடம் தலைப்பட்டிதான்.

பட்டியைத் தட்டையாக வைத்து, அறை விளக்கை அணைத்து, டார்ச்சைக் கிட்டத்தட்ட துணியோடு ஒட்டிச் சாய்த்துப் பிடியுங்கள். மங்கிய முத்திரையின் மேடு பள்ளம் நிழலாகத் தெரியும். தெரியாவிட்டால் அல்ட்ரா வயலெட் டார்ச். வெறும் கண்ணுக்கு மறைந்த மை சில சமயம் கருப்பாக எழுந்து வரும். எழுத்தைத் தெளிவாக்க ஈரத் துணியால் துடைப்பது, சுண்ணக்கட்டி தேய்ப்பது இரண்டும் இருக்கிற எழுத்தையும் எடுத்துவிடும்.

தேட வேண்டியவை இவை.

அம்பு முத்திரை. கோழிக்கால் தடம் போல மூன்று கோடு ஒரு முனையில் கூடும். பிரிட்டிஷ் அரசுச் சொத்து என்று பொருள். கடற்படை என்று பொருளில்லை. ராணுவக் கம்பளியிலும் கூடாரத்திலும் அதே அம்பு இருக்கும். ஆங்கில 'யு' எழுத்துக்குள் அம்பு இருந்தால் அன்றைய தென்னாப்பிரிக்க யூனியன் அரசின் சொத்து. 'சி' எழுத்துக்குள் இருந்தால் கனடா. இந்த ஒரு எழுத்தைக் கவனிக்காமல் விட்டதால் உள்ளூர்க் கப்பல் கொடி 'ஏதோ இங்கிலீஷ் கொடி' என்று போய்விடும்.

ஆண்டு. நான்கு இலக்கமாகவோ கடைசி இரண்டு இலக்கமாகவோ இருக்கும். அது கொடி தைத்த ஆண்டு, பறந்த ஆண்டு அல்ல. கிடங்கில் சில ஆண்டு கிடந்து பிறகு கப்பலேறியிருக்கலாம்.

அளவு எண். பிரிட்டிஷ் கடற்படை தன் கொடியை 'ப்ரெத்' என்ற கணக்கில் அளந்தது. ஒரு ப்ரெத் 9 அங்குலம். கம்பப் பக்க உயரத்தை இந்தக் கணக்கில் சொல்வார்கள். நீளம் உயரத்தைப் போல இரு மடங்கு. பட்டியில் 6 என்று இருந்தால் உயரம் 54 அங்குலம், நீளம் 108 அங்குலம், அதாவது ஏறக்குறைய 137க்கு 274 சென்டிமீட்டர். 4 என்றால் 91க்கு 183.

இந்த எண்ணை வைத்து ஒரு நல்ல சோதனை செய்யலாம். பட்டியில் 6. உயரம் 135 சென்டிமீட்டர், கம்பளி சற்றுச் சுருங்கியிருக்கிறது, சரி. ஆனால் நீளம் 250தான் இருக்கிறது. சுருக்கத்தால் மட்டும் இவ்வளவு குறையாது. வால் பக்க ஓரத்தை லென்ஸில் பாருங்கள். மற்ற தையலிலிருந்து வேறுபட்ட நூல், வேறு கைப்பதம் தெரிந்தால், பிய்ந்த வாலை வெட்டிவிட்டு மறுபடி மடித்துத் தைத்திருக்கிறார்கள். கப்பலில் வழக்கமாக நடந்த வேலை அது. உண்மையில் கடலில் பறந்த கொடி என்பதற்கு இதைவிடச் சிறந்த சாட்சி குறைவு. 'ஓரம் கோணலாக இருக்கிறது' என்று பிரித்துத் திரும்பத் தைத்துவிட்டால் அந்தச் சாட்சி போயிற்று.

கயிறும் மாட்டியும். பிரிட்டிஷ் கொடியின் மேல் முனையில் உருளையான மரக் கட்டை, கீழ் முனையில் கயிற்றுக் கண்ணி இருப்பது பழைய முறை. இரண்டு முனையிலும் கொக்கி போன்ற உலோக மாட்டி இருந்தால் அது இங்கிள்ஃபீல்ட் கிளிப். 1890இல் அந்தப் பெயருடைய பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி வடிவமைத்தது. எனவே அந்த மாட்டியோடு வரும் கொடி 1890க்கு முந்தையது என்று யாராவது சொன்னால் ஒன்று மாட்டி பின்னால் சேர்த்தது, இல்லாவிட்டால் கதை தவறு. மரக் கட்டை இருப்பதால் மட்டும் கொடி பழையதாகிவிடாது. கட்டை பின்னாலும் புழக்கத்தில் இருந்தது.

உலோகம் பச்சை பூத்திருந்தால் குத்துவிளக்குக்குப் போடுவது போலப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். புளியின் அமிலம் கயிறு வழியாகப் பட்டிக்குள் இறங்கி, பச்சைக் கறையைக் கம்பளி வரை கொண்டுபோகும். மாட்டிக்கும் துணிக்கும் நடுவே டிஷ்யூ தாள் வைத்தால் போதும்.

5. எந்தக் கடற்படை, எந்தக் காலம்

தலைப்பட்டிக்குப் பிறகுதான் படம். மேல் மூலையில் பிரிட்டனின் தேசியக் கொடியான யூனியன் கொடி இருந்தால், அதில் சிவப்பு மூலைவிட்டக் கோடு உண்டா பாருங்கள். 1801இல் சேர்ந்தது அது. இல்லாவிட்டால் கொடி இருநூறு ஆண்டு தாண்டியதாக இருக்க வேண்டும். பரணில் கிடைத்ததென்றால் அலங்காரத்துக்குத் தைத்த நகல் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

1864க்கு முன் பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் பிரிவுக்கேற்பச் சிவப்பு, வெள்ளை, நீலம் மூன்றையும் பறக்கவிட்டன. 1864 முதல் வெள்ளை மட்டுமே கடற்படைக்கு, சிவப்பு வணிகக் கப்பலுக்கு, நீலம் அரசுப் பணிக் கப்பலுக்கும் துணைப்படைக்கும். டர்பனில் 'போர்க்கப்பல் கொடி' என்று வரும் சிவப்புக் கொடி பெரும்பாலும் வணிகக் கப்பலுடையது. அதனால் மதிப்புக் குறைந்தது என்று அர்த்தமில்லை. போரில் நீர்மூழ்கிகளிடம் அதிகம் அடிவாங்கியது அந்தக் கப்பல்கள்தான்.

வெள்ளைத் துணியில் பச்சைச் சிலுவை என்றால் தென்னாப்பிரிக்கக் கடற்படையின் சொந்த என்சைன். அது உலகப் போருக்குப் பிறகு வந்தது. மூலையில் ஆரஞ்சு-வெள்ளை-நீலம் இருந்தால் 1994க்கு முன், இப்போதைய ஆறு நிறக் கொடி இருந்தால் அதற்குப் பின். பச்சைச் சிலுவைக் கொடியை 'டோப்ருக்கில் (இரண்டாம் உலகப் போரில் சண்டை நடந்த லிபியத் துறைமுகம்) பறந்தது' என்று விற்பவரிடம் பேச்சை நீட்டத் தேவையில்லை.

அமெரிக்கக் கொடியில் நட்சத்திரத்தை எண்ணுங்கள். 1912 முதல் 1959 வரை 48. அடுத்த ஓராண்டு மட்டும் 49. ஜப்பானியக் கடற்படைக் கொடியில் பதினாறு கதிர், சூரியன் நடுவிலிருந்து கம்பப் பக்கம் தள்ளியிருக்கும். சரியாக நடுவில் இருந்தால் அது தரைப்படைக் கொடி. ஜெர்மனியின் 1935-45 போர்க்கொடியில் நகல் மிக அதிகம். அதைத் துணியும் முத்திரையும் சேர்த்துப் பார்க்காமல் நம்பக் கூடாது. அச்சிட்டது என்பதால் மட்டும் போலி என்று தள்ளவும் கூடாது, அசல்களும் அச்சிட்டவைதான்.

6. துணியும் நூலும்

கப்பல் கொடிக்கான துணிக்குப் பெயர் பன்டிங். தளர்வாக நெய்த கம்பளி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் கொசுவலை போலத் தெரியும். காற்று ஊடுருவ வேண்டும், நனைந்தால் சீக்கிரம் உலர வேண்டும் என்பதற்காக அப்படி நெய்வார்கள்.

ஏற்கெனவே பிய்ந்து தொங்கும் ஓர் இழையில் ஒரு சென்டிமீட்டர் போதும். இடுக்கியில் பிடித்து, கொடியிலிருந்து விலகி, சமையலறைத் தொட்டியின் மேல் கொளுத்துங்கள். மயிர் கருகும் நாற்றம், தானே அணைதல், விரலில் பொடியாகும் சாம்பல் என்றால் கம்பளி. காகிதம் எரிகிற வாசனை என்றால் பருத்தி. உருகிக் கெட்டி மணியாக உறைந்தால் நைலானோ பாலியஸ்டரோ.

கொடி முழுவதும் கம்பளியாக இருந்து தையல் நூல் மட்டும் உருகினால் அவசரப்படாதீர்கள். பின்னால் பழுதுபார்த்திருக்கலாம். எல்லாத் தையலும் உருகினால் கொடியே பின்னால் தைத்தது.

அல்ட்ரா வயலெட் ஒளியில் வெள்ளைப் பகுதி பளீரென்று நீலமாக ஒளிர்ந்தால் வெண்மையூட்டும் ரசாயனம் இருக்கிறது. போருக்குப் பின்தான் அது துணியிலும் சலவைத்தூளிலும் பரவியது. துணி புதியதா, அல்லது பழைய துணியை யாரோ சலவைத்தூளில் துவைத்துவிட்டார்களா என்பதை இந்தச் சோதனை சொல்லாது. தையல் மடிப்பின் உள்ளே பாருங்கள். ஒளிர்வு உள்ளே சமமாக இல்லாமல் வெளியே மட்டும் என்றால் சலவைத்தூளின் வேலையாக இருக்கும்.

7. ஓட்டை எல்லாம் குண்டு ஓட்டையல்ல

விற்பவர் வாயில் எல்லா ஓட்டையும் குண்டு பட்டதுதான். லென்ஸ் வேறு சொல்லும்.

பூச்சி அரித்த ஓட்டையின் விளிம்பு மென்று விட்டது போல ஒழுங்கற்று இருக்கும். சுற்றிலும் துணியின் மேற்பரப்பு மேய்ந்தது போல மெலிந்திருக்கும். மடிப்பை மறுபடி சேர்த்துப் பார்த்தால் ஓட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும். மடித்து வைத்த பிறகு வந்த சேதம் அது.

சிதறிய இரும்புத் துண்டு பட்டால் நூல்கள் அறுந்து, பெரும்பாலும் 'ட' வடிவில் கிழியும். தீப்பொறி பட்ட கம்பளியின் விளிம்பு கறுத்து மொறமொறப்பாக இருக்கும். காற்றில் அடிபட்ட தேய்மானம் எப்போதும் வால் பக்கத்திலும் அதன் இரு மூலையிலும் தொடங்கும். வால் பக்கம் புதுசு போல இருந்து, நடுவில் மட்டும் வட்ட வட்டமாக ஓட்டை இருந்தால் சந்தேகப்படுங்கள்.

அழுக்கையும் இப்படிப் பார்க்கலாம். புகைபோக்கிக் கரி ஒரே சீராகப் படியாது. தையல் மடிப்புக்குள்ளும் வெளியேயும் ஒரே பழுப்பு என்றால் யாரோ தேயிலைத் தண்ணீரில் ஊற வைத்திருக்கிறார்கள்.

8. கேட்ட கதையைத் தேதியோடு ஒட்டிப் பார்த்தல்

வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். 'ஆயா, இது யார் கொண்டு வந்தது, எந்த வீட்டில் இருந்தபோது?' என்று கேட்பது நல்லது. 'இது போர்க்கப்பல் கொடிதானே?' என்று கேட்டால் ஆமாம் என்ற பதில்தான் வரும். சொன்னவர், சொன்ன நாள், சொன்ன வார்த்தை மூன்றையும் அப்படியே எழுதுங்கள். உங்கள் ஊகத்தைத் தனி வரியில் எழுதுங்கள்.

பிறகு கப்பலின் தேதியோடு ஒப்பிடுங்கள். தென்னாப்பிரிக்கப் போர்க்கப்பல் நேட்டல் ஜெர்மன் நீர்மூழ்கி யு-714ஐ மூழ்கடித்தது 1945 மார்ச் 14 அன்று. அன்று பறந்த கொடி என்று வந்ததன் தலைப்பட்டியில் 47 என்று முத்திரை இருந்தால் வாதம் அங்கேயே முடிந்தது. சதர்ன் ஃப்ளோ என்ற தென்னாப்பிரிக்கக் கப்பல் 1941 பிப்ரவரியில் டோப்ருக் அருகே மூழ்கியபோது பிழைத்தவர் ஒருவர்தான். கடைசி நாளில் அதில் பறந்த கொடி என்று ஒன்று வந்தால், கப்பலிலிருந்து கரைக்கு அது எப்படி வந்தது என்ற கேள்விக்கு முதலில் பதில் வேண்டும்.

ஒரு கப்பலுக்கு ஒரு கொடி என்ற கணக்கே கிடையாது. கடல் காற்றில் என்சைன் சீக்கிரம் கந்தலாகும், பல அளவில் பல கொடிகள் கிடங்கில் இருக்கும். சண்டையின்போது ஒன்று அறுந்தாலும் இன்னொன்று பறக்கட்டும் என்று ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் பெரிய கொடி ஏற்றுவார்கள். ஆகவே 'இந்தக் கப்பலின் கொடிகளில் ஒன்றாக இருக்கலாம்' என்று எழுதுவதுதான் பெரும்பாலும் நேர்மையான முடிவு.

பிரிட்டிஷ் கப்பல்களின் நாட்குறிப்புகள் லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ஏடிஎம் 53 என்ற தொடரில் இருக்கின்றன. கப்பல் டர்பனில் நின்ற தேதியை அதில் தேடலாம். பொருளாக ஒப்பிட சைமன்ஸ் டவுன் கடற்படை அருங்காட்சியகமும், டர்பன் போர்ட் நேட்டல் கடல்சார் அருங்காட்சியகமும் உதவும்.

9. தூசி எடுத்தல்

இதுவரை சொன்ன பதிவெல்லாம் முடிந்த பிறகே தூசி. ஃபைபர்கிளாஸ் கொசுவலையில் ஓரடிச் சதுரம் வெட்டி, கூர்மையான ஓரத்தைப் பருத்தி நாடாவால் மூடித் தையுங்கள். வலையைக் கொடியின் மேல் தட்டையாக வைத்து, வேக்யூமைக் குறைந்த இழுவையில் போட்டு, குழாய் முனையை வலைக்கு ஒரு சென்டிமீட்டர் மேலே பிடித்துத் தூக்கித் தூக்கி வையுங்கள். தேய்க்காதீர்கள். வலை இல்லாவிட்டால் பிய்ந்த இழை குழாய்க்குள் போய்விடும்.

பட்டியிலுள்ள முத்திரை, பெயின்ட் எழுத்து, கரி படிந்த இடம் இவற்றை விட்டுவிடுங்கள். பூஞ்சணம் ஈரமாக, பஞ்சு போல இருந்தால் வேக்யூமைத் தொடவே வேண்டாம். முகமூடி போட்டு, காற்றோட்டமான நிழலில் முதலில் உலர விடுங்கள். வெயிலில் போட்டால் சாயம் வெளுக்கும்.

தண்ணீர் வேலை வீட்டில் கிடையாது. உலர் சலவைக் கடையும் கிடையாது. அவசியமென்றால் துணி பாதுகாப்பு நிபுணரிடம் கொடுங்கள்.

10. சுருட்டி வைத்தல்

பட்டுப் புடவையைச் சில மாதத்துக்கொரு முறை எடுத்து மடிப்பு மாற்றி வைப்பது நம் வீடுகளில் தெரிந்த வழக்கம். ஒரே மடிப்பில் கிடந்தால் சரிகையும் இழையும் அங்கேயே முறியும். கொடிக்கும் அதே ஆபத்துதான், ஆனால் பழைய கம்பளி ஒவ்வொரு முறையும் மடிப்பு மாற்றுவதைத் தாங்காது. அதனால் மடிப்பே இல்லாமல் சுருட்டுகிறோம்.

குழாயின் விட்டம் குறைந்தது 10 சென்டிமீட்டர். நீளம் கம்பப் பக்க உயரத்தைவிட 20 சென்டிமீட்டர் கூடுதல். கம்பளக் கடையில் கிடைக்கும் அட்டைக் குழாய் போதும். ஆனால் அட்டையில் அமிலம் உண்டு. முதலில் அலுமினியத் தாளைச் சுற்றி, மேலே துவைத்த காடாத் துணியைச் சுற்றுங்கள். காடாத் துணியின் கஞ்சி போகும்வரை இரண்டு மூன்று தரம் வெந்நீரில் அலச வேண்டும், கஞ்சி பூச்சிக்குச் சாப்பாடு. பிவிசி குழாய் வேண்டாம், காலப்போக்கில் அமில ஆவி விடும். சமையலறை பேக்கிங் தாளும் டிஷ்யூ தாளுக்கு மாற்றாகாது.

வால் பக்கத்திலிருந்து சுருட்டத் தொடங்குங்கள். பெரும்பாலோர் தலைப்பட்டியைக் குழாயில் வைத்துத் தொடங்குகிறார்கள். கயிறும் கட்டையும் உள்ளே மாட்டிக்கொண்டு, மேலே வரும் ஒவ்வொரு சுற்றிலும் புடைப்பு விழும். பட்டி வெளியே முடிந்தால் அந்தத் தொல்லையில்லை, முத்திரையைப் பார்க்க முழுவதையும் பிரிக்கவும் வேண்டாம்.

ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவே அமிலமற்ற டிஷ்யூ தாள் போகட்டும். இறுக்கவும் கூடாது, தொளதொளவென்றும் கூடாது. முடிந்ததும் காடாத் துணியால் போர்த்தி, இரண்டு விரல் அகலப் பருத்தி நாடாவால் மூன்று இடத்தில் கட்டுங்கள். ரப்பர் வளையம், செலோடேப், குண்டூசி எதுவும் வேண்டாம். கொடியின் சிறு படம் ஒன்றை வெளியே கட்டித் தொங்கவிட்டால், 'அது என்ன, பிரித்துப் பார்ப்போம்' என்ற தொந்தரவு குறையும்.

11. டர்பன் ஈரத்தில் எங்கே வைப்பது

ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும். டர்பனில் கோடை மாதங்களில் வீட்டுக்குள் அதைத் தாண்டுவது சாதாரணம். 45 முதல் 55க்குள் வைப்பது இலக்கு. அதைவிட முக்கியம் அது மேலும் கீழும் குதிக்காமல் இருப்பது. மலிவான ஈரமானி ஒன்றைக் கொடியின் பக்கத்திலேயே வையுங்கள், வரவேற்பறையில் அல்ல.

தகரக் கூரையின் கீழுள்ள பரண் வேண்டாம், பகலில் வெந்து இரவில் குளிரும். வெளிச்சுவரை ஒட்டிய அலமாரி வேண்டாம், மழைக்காலத்தில் சுவர் வேர்க்கும். வீட்டின் நடு அறை, உட்சுவர், தரையிலிருந்து ஒரு சாண் உயரம் நல்லது. குழாயின் இரு முனையையும் மரத் தாங்கியில் வைத்தால் எடை துணியின் மேல் விழாது. ஆறு மாதத்துக்கொரு முறை வெளிப் போர்வையை மட்டும் திறந்து பூச்சி பாருங்கள்.

சாமி அறையில் வைப்பது மரியாதை என்று சிலர் நினைக்கிறார்கள். விளக்குப் புகை, சாம்பிராணி, எண்ணெய் ஆவி மூன்றும் கம்பளியில் ஒட்டினால் பிரியாது. கப்பல் கரியையும் நம் வீட்டுக் கரியையும் பிறகு யார் பிரிப்பது?

12. சுவரில் மாட்டியே ஆக வேண்டுமென்றால்

அசலின் உயர்தரப் படத்தை அச்சிட்டு மாட்டுவதுதான் என் பரிந்துரை. அசலே வேண்டுமென்றால் கண்ணிகளில் தொங்கவிடாதீர்கள், முழு எடையும் இரண்டு புள்ளியில் இறங்கும். துணி போர்த்திய பலகையில் சாய்வாகக் கிடத்தி, கண்ணாடி துணியைத் தொடாமல் இடைவெளி விட்டுச் சட்டமிட வேண்டும். ஒளி 50 லக்ஸ் தாண்டக் கூடாது, ஜன்னல் எதிரே கூடாது, சில மாதம் காட்டினால் மீதிக் காலம் இருட்டில் வைக்க வேண்டும்.

13. காட்டுவதற்கும் விற்பதற்கும் முன் சட்டம்

1928 முதல் 1994 வரையிலான பழைய தென்னாப்பிரிக்கக் கொடியை நியாயமான காரணமின்றிக் காட்டுவது வெறுப்புப் பேச்சு என்று 2019இல் சமத்துவ நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கல்வி, கலை, இதழியல் போன்ற உண்மையான நோக்கங்களுக்கு விலக்கு உண்டு. 1994க்கு முந்தைய பச்சைச் சிலுவை என்சைனின் மூலையில் இருப்பது அதே கொடி. சங்கக் கூடத்தில் வைப்பதானால் எந்தக் கப்பல், எந்த ஆண்டு, எதற்காக வைத்திருக்கிறோம் என்ற விளக்கப் பலகை கூடவே இருக்க வேண்டும்.

வெளிநாட்டுக்கு விற்கவோ அனுப்பவோ நினைத்தால், 1999ஆம் ஆண்டின் 25ஆம் எண் தேசிய மரபு வளங்கள் சட்டத்தைப் பாருங்கள். மரபுப் பொருள் என்ற வரையறைக்குள் வரும் எதுவும் தென்னாப்பிரிக்க மரபு வள முகமையின் அனுமதி இல்லாமல் நாட்டைவிட்டு வெளியே போக முடியாது. பொதி கட்டுவதற்கு முன்பே எழுத்தில் கேளுங்கள். இரண்டாம் படியில் எடுத்த படங்களும் எட்டாம் படியில் எழுதிய குறிப்பும் அந்தக் கடிதத்தோடு போகட்டும்.